காசு கேட்கவில்லை, பொழுதைக் கேட்டார்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால் நம்மவர் இல்லங்களில் முதலில் எழும் கேள்வி, "இந்தத் தடவை எவ்வளவு?" என்பதுதான். கட்டட நிதி, ஆண்டு விழா, பேருந்துக் கட்டணம் என்று ஏதேனும் ஒரு பெயரால் ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கும். நாமும் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவோம். கொல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல, தம் பெண்மக்களைக் கிறிஸ்தவக் கன்னியர் நடத்தும் பள்ளிகளுக்கு அனுப்புவது ஆங்கிலத்தை உத்தேசித்தும் ஒழுங்கை உத்தேசித்துமேயாகும். கட்டணம் கொடுக்கிறோம், கல்வி பெறுகிறோம், அதற்குமேல் அப்பள்ளிக்கும் நமக்கும் உறவு ஏது என்றே நாமும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை எண்ணியிருந்தோம்.

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்த வாரத்தில், அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த நம் மகள் ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தாள். அதில் தொகை எதுவும் இல்லை. இரயில் பாதை ஓரத்திலும் மேம்பாலத்தின் அடியிலும் வாழும் சிறுவர் சிறுமியருக்குப் பள்ளியின் கதவைப் பிற்பகலில் திறந்துவிடப் போகிறார்கள் என்றும், மாணவியர் ஒருவருக்கு ஒருவராக அமர்ந்து அவர்களுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பார்கள் என்றும், பெரியவர்களின் துணையும் தேவைப்படுவதால் ஒவ்வொரு குடும்பமும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் தர இயலுமா என்றும் கேட்டிருந்தார்கள். கீழே கையெழுத்துக்கு இடம். வருவோர் எத்தனை பேர் என்பதற்கு ஒரு கட்டம்.

நம் அன்னையார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தின் பொருளைக் கேட்டறிந்தார். "காசு கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம். பொழுதையல்லவாடா கேட்கிறார்கள்!" என்றார். உண்மையைச் சொன்னால், நம் மனத்தில் இருந்ததும் அதுவேதான்.

அப்பள்ளியின் பெயரை ஈண்டு எழுதாமைக்குக் காரணம் உண்டு. பெருமையும் குறையும் கலந்தே எழுதப்போகிறோம். குறையைச் சொல்லிவிட்டுப் பெயரையும் சொல்வது முறையன்று.

சேவை என்ற சொல்லின்மீது நமக்கு அப்போது நல்லெண்ணம் இருக்கவில்லை. அதற்கு முன் மூன்றாண்டுகள் வேற்றூரில் உத்தியோக மாற்றலில் இருந்தோம். அங்கே மகள் படித்த பள்ளியிலும் சேவை உண்டு. காகிதத்தில் நிரம்ப உண்டு. 1977ஆம் ஆண்டில் ஈசுவர்பாய் படேல் தலைமையில் அமைந்த குழு, சமுதாயத்துக்குப் பயன்படும் ஆக்க வேலை பள்ளிக் கல்வியின் நடுவிலேயே இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. எஸ்.யு.பி.டபிள்யு. என்று நம் பிள்ளைகள் சொல்வது அதன் சுருக்கமேயாகும். ஐ.சி.எஸ்.இ. தேர்வில் அதனோடு சமூக சேவையும் சேர்த்துப் பள்ளியே தரமிடுகிறது. அதில் தேறாதவர்க்குச் சான்றிதழ் இல்லை. நோக்கம் உயர்ந்தது. நடந்தது என்ன? ஆளுக்கு ஒரு கிலோ அரிசி கொண்டுவரச் சொன்னார்கள். பிள்ளைகளை ஓர் அனாதை விடுதிக்கு அழைத்துச் சென்று, துணிப் பதாகையின்முன் நிறுத்திப் புகைப்படம் எடுத்து, ஒரு மணிக்குள் திரும்பிவிட்டார்கள். கைவேலைக்கென்றே பள்ளியின் எதிரே ஒரு கடை இருந்தது. பூத்தையல் போட்ட மேசை விரிப்பு, சணல் பொம்மை, சுவரில் மாட்டும் சித்திரம் யாவும் அங்கே ஆயத்தமாகக் கிடைக்கும். நாமும் ஒரு விரிப்பு வாங்கினோம். விலைச்சீட்டைக் கிழித்ததும் நாமே. மதிப்பெண் அட்டையில் 'ஏ' என்று வந்தது.

நிற்க. கொல்கத்தாப் பள்ளியின் யோசனை புதிதாக முளைத்ததன்று. அதற்கு அதே நகரில் ஒரு மூத்த உதாரணம் உண்டு. அதை விரிவாகச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

லொரெட்டோ கன்னியர் அயர்லாந்திலிருந்து கல்கத்தா வந்து இறங்கியது 1841ஆம் ஆண்டின் இறுதியில். அன்னை தெரேசாவும் 1948இல் சேரிகளுக்குச் செல்லப் புறப்படுமுன் இச்சபையினராகவே எண்டாலியில் ஆசிரியராக இருந்தவர் என்பதை நேயர்கள் அறிவார்கள். அயர்லாந்தில் பிறந்து 1956இல் இந்தியாவுக்கு வந்த சகோதரி சிரில் மூனி, 1979இல் சியால்தாவிலுள்ள லொரெட்டோ பகற்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சியால்தா இரயில் நிலையத்தை அறியாத கொல்கத்தாவாசி இல்லை. தேசப் பிரிவினைக்குப்பின் அகதிகள் அதன் மேடைகளில் குடும்பம் நடத்திய காலம் ஒன்று இருந்தது. அதன்பின்னும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடைபாதையில் பிறந்து நடைபாதையிலேயே வளரும் குழந்தைகளுக்குக் குறைவில்லை. பள்ளியின் வாயிலில் நின்று பார்த்தால் அவர்கள் தெரிவார்கள்; அவர்களுக்கும் பள்ளி தெரியும்.

அவர் பொறுப்பேற்றபோது சுமார் 790 மாணவியருள் கட்டணமின்றிப் படித்தோர் 90 பேர் அளவில்தான். பின்வந்த இருபது ஆண்டுகளில் மாணவியர் தொகை 1,400ஐ எட்டிற்று. அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏழை வீட்டுப் பெண்கள். வாரத்தில் ஒருநாள் மாணவியர் கிராமப் பள்ளிகளுக்குச் சென்று அங்குள்ள குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார்கள். 1985இல் 'ரெயின்போ' என்று வானவில்லின் பெயரால் ஓர் ஏற்பாடு தொடங்கியது. அதன் அமைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. தெருக் குழந்தைக்கு மணியடித்தால் வரும் வழக்கம் இராது. தாய் வேலைக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுக்கிய பொருளை விற்கவேண்டும். மழை பெய்தால் சாக்குப் படுதாவைக் காக்கவேண்டும். ஆகவே குழந்தை எப்போது வருகிறதோ அப்போது கற்பிக்க ஆள் இருக்கவேண்டும். ஆசிரியர்களால் இயலாது, அவர்களுக்கு வகுப்பு உண்டு. ஆனால் ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் கால அட்டவணையில் வேலைப் பயிற்சிக்கென்று பாடவேளைகள் இருந்தன. அவ்வேளைகளை ஒரே நேரத்தில் வைக்காமல் வாரம் முழுவதும் பரப்பி அமைத்தால், எந்த நேரத்திலும் ஏதோ ஒரு வகுப்பு மாணவியர் ஓய்வாக இருப்பார்கள் அல்லவா? நம் வேற்றூர்ப் பள்ளியில் மேசை விரிப்புக்குச் செலவான அதே பாடவேளைதான். வந்த குழந்தையின் பக்கத்தில் ஒரு மாணவி உட்கார்ந்துகொள்வாள். தக்க நிலையை அடைந்த குழந்தைகள் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட்டார்கள். இரவில் போக்கிடம் இல்லாத சிறுமியர் பள்ளியிலேயே தங்கவும் வழி செய்யப்பட்டது.

இப்பணிக்காக அப்பள்ளி 1994இல் யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவுப் பரிசைப் பெற்றது. சகோதரிக்கு 2007இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2023இல் அவர் இந்நகரிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற வழி சென்னை, ஐதராபாத் முதலிய நகரங்களிலும் ரெயின்போ இல்லங்களாகப் பரவியிருக்கிறது.

இது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நம் பெண்ணை அப்பக்கத்தில் உட்காரவைக்கும்போது என்ன தோன்றும்? தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் தொடங்கிய பள்ளியே பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. தொடங்கிய சிறிது காலத்துக்குள் தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவர் சிலர் அங்கே அனுமதிக்கப்பட்டனர் என்று அறிந்ததும், உயர்குலத்துப் பெற்றோர் கொதித்தெழுந்து அவர்களை நீக்கும்படி கோரினர். அவர் நீக்க மறுத்தார். பலர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டனர். அன்று அழைத்துக்கொண்டு போனவர்கள் நம் முன்னோர்கள். இன்று சாதியின் பெயரைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே சுகாதாரத்தின் பெயரைச் சொல்கிறோம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்குத் தரவேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாதென்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் அதே மன்றத்தின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பின்மீது ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். வழக்கு எவ்வாறு முடியினும், 1979இலும் 1985இலும் சியால்தாவில் கதவைத் திறந்தவர்களை எந்தச் சட்டமும் நிர்ப்பந்திக்கவில்லை. சட்டத்தின் நிழலில் கதவை மூடி வைத்திருக்க வசதி பெற்ற ஒரு பள்ளி, தானே அதைத் திறக்க முன்வந்தபோது, பெற்றோர் குறுக்கே நிற்பதா என்ற கேள்விதான் நம் வீட்டுக் கூடத்தில் அன்று எழுந்தது. துணைவியார் கையெழுத்திட்டார். கட்டத்தில் 'இரண்டு' என்று எழுதினோம்.

முதல் நாள் நகைப்புக்கிடமாக முடிந்தது. நம் மகளுக்கு வாய்த்தவள் ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி. இடுப்பில் ஒரு கைக்குழந்தை, தம்பியாம். குழந்தையை வெளியே விட்டுவிட்டு வா என்று சொல்ல அப்பள்ளியில் யாருக்கும் மனம் இல்லை. அதற்கும் ஒரு பாய் விரிக்கப்பட்டது. துணைவியார் பலகையில் 8 என்று எழுதி, இது என்ன என்று கேட்டார். "சார்" என்றாள் சிறுமி. நான்காம்! 9 என்று எழுதினார். "ஷாத்" என்றாள்; ஏழு. ஒன்றுமே தெரியாத குழந்தை என்று துணைவியார் நம்மைப் பார்த்துத் தலையசைத்தார். ஒன்றும் தெரியாதவர்கள் நாம்தாம். வங்க எழுத்தில் நான்கு நம் எட்டைப் போலவும், ஏழு நம் ஒன்பதைப் போலவும் இருக்கும். பழைய பொருள் கடைக்காரரின் சிட்டையைப் பார்த்துப் பார்த்து அக்குழந்தை தானாகக் கற்றிருந்த எண்கள் அவை. பதினைந்து ஆண்டுகளாக வங்காளத்தின் நீரைக் குடித்துவிட்டு, அந்நாட்டு எண்ணைக்கூட அறியாமல் பாடம் சொல்லப் போயிருந்தோம்.

அன்று மாலையே துணைவியார் கல்லூரித் தெருவுக்குச் சென்று வித்யாசாகரின் 'வர்ணபரிசய்' அரிச்சுவடியை வாங்கிவந்தார். 1855இல் வெளிவந்த அந்நூலில் வங்கக் குழந்தைகள் இன்றும் எழுத்துத் தொடங்குகிறார்கள். வீட்டில் தாயும் மகளும் எதிரெதிரே அமர்ந்து அகரம் எழுதிப் பழகிய காட்சியை நாம் எந்தத் தொகை கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது.

அச்சிறுமிக்கு மனக்கணக்கு மின்னல்போல் வரும். காலிப் புட்டி இத்தனை கிலோ, கிலோ இன்ன விலை என்றால், நம் மகள் பென்சிலைத் தேடுமுன் விடை வந்துவிடும். ஆனால் நூற்றைந்தை எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவாள். நூறையும் எழுதி ஐந்தையும் எழுதுவதுதானே நியாயம்? எந்த இடத்தில் எந்த எண் நிற்கவேண்டும் என்பதைப் புரியவைக்க நம் மகள் மூன்று வாரம் பாடுபட்டாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் ஒரு ரூபாய், பத்து ரூபாய், நூறு ரூபாய் என்று காகிதத் துண்டுகளில் எழுதி மூன்று பெட்டிகளில் போட்டுக் காட்டினாள். பத்து ரூபாய்ப் பெட்டி காலியாக இருப்பதைச் சிறுமி நெடுநேரம் பார்த்துவிட்டு, அங்கே தானாகவே ஒரு பூஜ்யம் போட்டாளாம். அன்று நம் மகள் வீட்டுக்குள் நுழையும்போதே கூவிக்கொண்டு நுழைந்தாள். தன் சொந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய நாளிலும் அவள் அவ்வாறு கூவியதில்லை.

நமக்குக் கிடைத்த வேலை அவ்வளவு உயர்ந்ததன்று. கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்ப்பவன் என்பதால் கரும்பலகை, பாய், பிஸ்கோத்து ஆகியவற்றின் வரவுசெலவு நம் கையில் வந்தது. பிஸ்கோத்து எப்போதும் குறையும். கணக்கில் திருட்டு இருக்கிறதென்று முதல் மாதம் நாம் ஒரு குறிப்பும் எழுதிவிட்டோம். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டை மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கன்னியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அக்குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். பிஸ்கோத்து வாங்கும் அளவை உயர்த்தினோம்.

ஆகஸ்டு மாதத்தில் எதிர்பார்த்த விபத்து வந்தது. மகளின் தலையில் பேன்! நம் அன்னையார் அன்று ஆடிய ஆட்டத்தை எழுத்தில் வடிக்க இயலாது. வேப்பெண்ணெய் வந்தது, வசம்பு வந்தது, நாளையிலிருந்து பள்ளிக்கே போகவேண்டா என்ற கட்டளையும் வந்தது. வேறு வீடுகளிலும் இதே கதைதான். அவ்வாரம் கூடிய பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தையார், "நாங்கள் கட்டணம் கட்டுவது இதற்கா?" என்று கேட்டார், பலர் தலையசைத்தனர். பள்ளியின் குறையை இங்கே சொல்லவேண்டும். இவ்வாறு நேரக்கூடும் என்று அவர்கள் முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லவில்லை; அழைத்த பிள்ளைகளின் தலையையும் நம் பிள்ளைகளின் தலையையும் ஒருசேரப் பார்க்க ஏற்பாடு செய்யவும் இல்லை. நல்ல காரியம் என்ற நினைப்பே போதுமென்று இருந்துவிட்டார்கள். எட்டுக் குடும்பங்கள் விலகின. அவர்களை நாம் குறைகூற மாட்டோம். நாமே அரைமனத்தோடுதான் இருந்தோம்.

மறுவாரம் அன்னையார் கடைக்கு ஆளனுப்பிப் பேன் சீப்பு இரண்டு வாங்கிவரச் செய்தார். ஒன்று எதற்கென்று கேட்டோம். "இவளுக்கு மட்டும் வாரினால் மறுபடியும் அங்கிருந்து வராதா? அந்தப் பெண்ணிடம் கொடு" என்றார். இதனால் அவர் மனம் மாறிவிட்டதென்று நேயர்கள் எண்ணவேண்டா. அவர் அப்பள்ளிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அது வெறும் தற்காப்பு என்றே இன்றும் சொல்வார்.

மதத்தைப் பற்றியும் நம்மவர் சிலர் தனியே அழைத்துக் கேட்டதுண்டு. "ஏன் ஐயா, இதெல்லாம் எதில் போய் முடியும்?" நாம் கண்டதைச் சொல்கிறோம். வகுப்பு தொடங்குமுன் கண்ணை மூடி ஒரு நிமிடம் மௌனம். ஜெபமும் இல்லை, போதனையும் இல்லை. கன்னியர் தம் நம்பிக்கையால் உந்தப்பட்டு இதைச் செய்கிறார்கள் என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை, நம்மேல் ஏற்றவும் இல்லை. அரசின் அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியிலும், பாதுகாவலரின் இசைவின்றிப் பிள்ளையை மதபோதனைக்கு உட்படுத்தலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு. அது மேம்பாலத்தின் அடியில் வாழும் பாதுகாவலருக்கும் உரியது. ஐயமுள்ளவர்கள் இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்து பார்ப்பதே உத்தமம்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. சிறுமி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாம் வாரம் ஓர் ஆசிரியை சென்று விசாரித்தார். விடுமுறையில் பாலத்தடியைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பங்கள் ஆளுக்கு ஒரு திசையாகப் போயிருந்தன. தெற்கே செல்லும் இரயிலில் ஏறியதைப் பார்த்ததாக ஒரு தேநீர்க் கடைக்காரர் சொன்னார், ஊர் தெரியாது. ஐந்து மாதம் பக்கத்தில் அமர்ந்து கற்பித்தோமே, அவள் தாயின் பெயர் என்ன என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. பிஸ்கோத்துக்குப் பேரேடு வைத்திருந்த நமக்கு அது தோன்றவில்லை. அதன்பின் பள்ளி ஒவ்வொரு குழந்தையின் உறவினர் பெயரையும், சொந்த ஊரையும், வேறொருவர் மூலம் தகவல் அனுப்பும் வழியையும் குறித்து வைக்கத் தொடங்கியது. அந்தப் பதிவேடு இப்போது நம் துணைவியாரின் பொறுப்பு. வங்க எழுத்தில் அவரே எழுதுகிறார்.

நம் மகள் இரண்டு வாரம் அந்தப் பாயில் தனியே உட்கார்ந்திருந்தாள். வேறொரு பெண்ணை அனுப்பட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றாள். மூன்று பெட்டிகளையும் மேசையிலிருந்து எடுக்கவிடவில்லை. பிறகு ஒருநாள், பத்து வயதுப் பெண் ஒருத்தி, பல் விழுந்த வாயோடு, தானாகவே வந்து பெட்டிகளைத் திறந்து உள்ளே என்ன என்று பார்த்தாள். பாடம் மீண்டும் தொடங்கியது. நம் மகள் இப்போது கல்லூரி மாணவி. விடுமுறையில் ஊர் வந்தால் பழைய பிற்பகலுக்குத் தவறாமல் போய்வருகிறாள். பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பேருந்தின் சன்னலோரமாக எழுந்து நின்று பார்க்கும் வழக்கமும் அவளை விடவில்லை.

சங்கத்து நண்பர்கள் சிலர், தத்தம் பிள்ளைகளின் பள்ளிகளிலும் இவ்வாறு செய்யலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நம் அனுபவத்தில் கண்ட இரண்டொன்று. வர இயலாத நாளை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் குழந்தைக்கு ஏமாற்றம் புதிதன்று, ஆனால் நாம் அதைச் செய்யவேண்டிய அவசியம் இல்லை. பழைய துணிமணிகளை முதல் நாளே தூக்கிக்கொண்டு போகவேண்டா. புகைப்படம் எடுக்கவேண்டா. குழந்தையின் தாய் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் ஊரின் எண்களையாவது முன்கூட்டியே கற்றுக்கொண்டு போங்கள். பம்பாயிலும் தில்லியிலும் இருப்பவர்களுக்கு நாகரி எண் உதவும். பேன் சீப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள்.